நூற்றுக்கு எத்தனை வட்டி? கல்லூரி மாணவர்களின் கடனும் சேமிப்பும்

கல்லூரி மாணவர் ஒருவர் முதன்முதலாகக் கடன் வாங்கும் நேரத்தில் பலமுறை ஆடம்பரத்துக்கு இடமே இருப்பதில்லை. செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்ட நாளை கடைசி நாள். இரண்டு அரியரையும் சேர்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம். நாள் தவறினால் அபராதம் வேறு. ஊரில் அப்பா கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் இன்னும் ஏறவில்லை. அம்மா மகளிர் குழுத் தவணையைக் கட்டிவிட்டுக் கையை விரிக்கிறார். விடுதி அறையில் இருக்கும் நால்வருக்கும் மாதக் கடைசி. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: ஐந்தே நிமிடத்தில் ஐயாயிரம், ஆவணம் எதுவும் வேண்டாம்.

அந்த ஐந்து நிமிடத்தில் போட வேண்டிய கணக்கைப் பாடத்திட்டத்தில் தேட வேண்டியதில்லை. அது அந்த மாணவரின் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வட்டிக்கு ஊரறிந்த அளவு ஒன்று உண்டு: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய். ‘ரெண்டு வட்டி’ என்றால் நியாயம், ‘மூணு வட்டி’ என்றால் யோசிக்க வேண்டும், ‘அஞ்சு வட்டி’ என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் சொல்வார். வங்கி வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்கிறது, கிரெடிட் கார்டு மாதக் கணக்கில் சொல்கிறது, கடன் செயலிகள் பலவும் நாள் கணக்கில் சொல்கின்றன. மூன்றும் வெவ்வேறு அளவில் இருப்பதால் எது மலிவு, எது கொள்ளை என்று பிடிபடாமல் போகிறது. எல்லாவற்றையும் பாட்டியின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் ஒரு வட்டி. கல்விக்கடன் 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் அது ஒரு வட்டிக்கும் கீழே. நாளுக்கு வெறும் 0.1 சதவீதம்தான் என்று ஒரு செயலி சொன்னால் அது மாதத்துக்கு மூன்று வட்டி. ஊர் வட்டிக்கடைக்காரர் கேட்பதும் அவ்வளவுதான். பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் நிலுவைக்குப் போடும் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதாவது மூன்றரை வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

கார்டில் 20,000 ரூபாய் நிலுவை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை வட்டிக்கு மாதம் 700 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 126 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று குறுஞ்செய்தி வருகிறது. அது நிலுவையில் 5 சதவீதம் என்றால் 1,000 ரூபாய். மாணவர் அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அசலில் குறைந்ததோ 174 ரூபாய்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று கடைகளில் எழுதி வைத்திருப்பதையும் இதே அளவில் பார்க்க வேண்டும். பூஜ்ஜியம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அதன் செலவு வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்தால் அதே போன் எவ்வளவு, பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்டாலே ஒளிந்திருப்பது வெளியே வரும்.

ஐயாயிரத்தின் உண்மையான விலை

இனி அந்த ஐந்து நிமிடச் செயலி. திரையில் கடன் 5,000 என்று காட்டுகிறது. ‘சேவைக் கட்டணம்’ 1,000 போகக் கணக்கில் ஏறுவது 4,000. பதினைந்தாம் நாள் திருப்பிக் கட்ட வேண்டியது 5,200. வட்டி 200 ரூபாய்தான் என்று மாணவர் நினைக்கிறார். கைக்கு வந்தது நாலாயிரம், போகப்போவது ஐயாயிரத்து இருநூறு; ஆக, அரை மாதத்துக்கு 1,200 ரூபாய். நூற்றுக்கு அரை மாதத்தில் முப்பது, மாதத்துக்கு அறுபது. அறுபது வட்டி! தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஊர்க்காரர் யாராவது அறுபது வட்டி கேட்டால் ஊரே கூடிவிடும். அதே வட்டியைத் திரையில் கேட்டால், கேட்டது யார் என்றே தெரிவதில்லை.

இத்தகைய செயலிகள் கடன் தருவதற்கு முன்பே கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் இருப்பவர் ‘அலோ’ என்று அழுத்திக்கொண்டே போவார். தவணை தாண்டிய மறுநாள் அத்தை, சித்தப்பா, வகுப்பாசிரியர், பழைய பள்ளித் தோழி என்று வரிசையாக அழைப்பு போகும். உருமாற்றிய படங்களை அனுப்பி மிரட்டுவதும் நடக்கிறது. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் ஆய்வு செய்தபோது, இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது.

அதன் பிறகு 2022இல் வந்த விதிகள் மாணவர்களுக்கு நல்ல ஆயுதம். முறையான கடன் செயலிக்குப் பின்னால் ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ கட்டாயம் இருக்க வேண்டும். தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பதிவுகள் எதையும் செயலி தொடக் கூடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. எந்தெந்தச் செயலிகளுக்குப் பின்னால் முறையான நிறுவனம் இருக்கிறது என்ற பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் கடன் மலிவு என்று பொருளில்லை. இல்லாவிட்டால் அந்தச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றவே கூடாது.

வட்டியைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. கிரெடிட் கார்டு நிலுவையைத் தவிர, சில்லறைக் கடன் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத்தாளைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து பொது விதி. அதில் ‘ஏபிஆர்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்துப் போட்ட ஆண்டுக் கணக்கு அது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் எத்தனை வட்டி என்பது வந்துவிடும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்தத் தாளைத் தர வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்கத் தயங்கவே வேண்டாம். ஏழு நாளோ அதற்கு மேலோ போகும் கடனுக்கு, அந்தத் தாளில் உள்ள விதிமுறைகளை ஒப்புக்கொள்ளக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். இன்றைக்குள் ஒப்புக்கொண்டால்தான் உண்டு என்று அவசரப்படுத்துபவரிடம் கடன் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர் செய்யும் பெரிய தவறு, ஒரு செயலியின் கடனை அடைக்க இன்னொன்றை இறக்குவது. ஐயாயிரத்தில் தொடங்கி அறுபதாயிரத்தில் நிற்கும் கதைகள் எல்லாம் இப்படித்தான் வளர்கின்றன. மிரட்டல் வந்தால் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். முறையான நிறுவனமே அத்துமீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். “ஏன்டா, மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று அம்மா கோபப்படுவார்தான். மிரட்டுபவர்களின் ஒரே பலம் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்துவிட்ட பிறகு அவர்களிடம் அந்தப் பிடி இல்லை.

நண்பருக்காக

“மச்சான், என் சிபில் அடி வாங்கியிருக்கு. உன் பேர்ல போன் போட்டுக் குடு, மாசாமாசம் நான் கட்டிடறேன்.”

இந்த ஒரு வாக்கியத்தால் உண்டாகும் கடன்கள் எந்த விளம்பரத்தாலும் உண்டாவதில்லை என்றுகூடச் சொல்லலாம். கேட்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையாகவே கட்ட நினைப்பவராகத்தான் இருப்பார். நான்காம் மாதம் அவருக்குப் பகுதிநேர வேலை போய்விடும். ஐந்தாம் மாதம் தவணை எடுக்க வரும்போது கணக்கில் பணம் இருக்காது. வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம் போடும். போன் ஒருவர் கையில், கடன் இன்னொருவர் பெயரில். 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணில் அடி விழுவது பெயர் கொடுத்தவருக்கு. இரண்டு ஆண்டு கழித்து அவர் மேற்படிப்புக் கடனுக்குப் போய் நிற்கும்போது மேலாளர் அந்தப் பழைய போன் கடனைத்தான் முதலில் கேட்பார். நண்பருக்கு உதவ வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுப்பது நட்புக்கும் நல்லது.

இதைவிட ஆபத்தானது கணக்கையே கொடுப்பது. “உன் அக்கவுண்ட்ல ரெண்டு லட்சம் வரும், எடுத்துக் குடுத்தா அஞ்சாயிரம் உனக்கு” என்று விடுதிகளைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். வரும் பணம் எங்கோ ஓய்வூதியக்காரர் ஒருவர் இணைய மோசடியில் இழந்ததாக இருக்கும். அவர் புகார் கொடுத்ததும் காவல்துறை பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும். வழியில் நிற்கும் பெயர் மாணவருடையது. கணக்கு முடங்கும், உதவித்தொகையும் அதோடு முடங்கும், மோசடிக்கு உடந்தை என்று வேறு மாநிலத்தில் வழக்குப் பதிவாகும். ஏடிஎம் கார்டு, சிம், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் உயிர் நண்பன் கேட்டாலும் தரக் கூடாது.

கடனை அடைக்கப் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. இந்த வணிகத்தில் இறங்கியவர்களில் முப்பது வயதுக்குக் கீழானவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31இலிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தது.

மூவாயிரம் ரூபாய் இருந்திருந்தால்

தொடக்கத்தில் பார்த்த தேர்வுக் கட்டண நெருக்கடிக்கு மருந்து, கையில் மூவாயிரம் ரூபாய். மாணவப் பருவத்தில் சேமிப்பு என்றதும் மியூச்சுவல் ஃபண்டு, கூட்டு வட்டி, இருபது ஆண்டில் கோடி என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் சம்பளம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறுபது வட்டிக் கடன் ஒன்றைத் தவிர்க்கும் மூவாயிரத்துக்கு ஈடான லாபத்தை எந்த முதலீடும் தராது.

அரசுப் பள்ளிகளிலும், தமிழ்வழியில் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. முதல் திட்டம் 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மூன்றாண்டுப் படிப்பு முழுக்க வந்தால் 36,000 ரூபாய். அதில் மாதம் 250 ரூபாயை ஒதுக்கினால் ஓராண்டில் அசலே மூவாயிரம். தொடர் வைப்பாகப் போட்டுவிட்டால் ஒதுக்குவதை ஒவ்வொரு மாதமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உதவித்தொகை வழக்கமாக ஏறும் நாளைப் பார்த்து, அதற்கு இரண்டு நாள் கழித்துத் தேதி குறிப்பது நல்லது.

எங்கே போடுவது என்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. அஞ்சலகத்தின் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், வட்டியும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம்; மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது. அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்துக்கு வங்கியின் ஓராண்டுத் தொடர் வைப்பு பொருத்தம். அதை இடையில் உடைத்தால் கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான். கணக்கு வைத்திருக்கும் வங்கி குறைந்தபட்ச இருப்பு கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருப்புக் குறைந்ததற்காக மாதாமாதம் அபராதம் பிடிக்கும் கணக்கில் உதவித்தொகையை வாங்குவது வீண்.

உதவித்தொகை வராதவர்களுக்கு அந்த 250 எங்கிருந்து வரும்? கைப்பேசியில் ஜிபேயோ போன்பேயோ திறந்து போன மாதக் கணக்கை எடுத்து, நூறு ரூபாய்க்குக் கீழே போனவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். பெரிய செலவுகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இருபதும் முப்பதுமாகப் போனது ஸ்கேன் செய்த மறுநிமிடமே மறந்துவிடுகிறது.

கல்விக்கடன்

பயப்படத் தேவையில்லாத கடன் இது. இருந்தாலும் கல்லூரிக் காலத்தில் கவனிக்காமல் விட்டால் வளர்ந்து நிற்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொந்தப் பணமும் போட வேண்டாம், சொத்துப் பிணையும் வேண்டாம்; பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது.

நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம், 10 சதவீதத் தனி வட்டிக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் கட்டி முடிக்க மாதம் 7,100 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் அதே தவணை சுமார் 5,300 தான். முதல் சம்பளம் பதினெட்டாயிரமோ இருபதாயிரமோ வாங்கும் இளைஞருக்கு இந்த ஆயிரத்து எண்ணூறு ஒரு மாத வாடகைப் பங்கு.

முதலாண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான். மாத உதவித்தொகை ஆயிரத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. படிக்கும்போதே வட்டியைக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்பும் மாதிரித் திட்டத்தில் உண்டு. அடுத்த ஆண்டுகளில் முழுவதையும் கட்ட முடியாமல் போகலாம். கட்டிய மட்டும் லாபம்.

அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த வட்டியை அரசே கட்டுமா? குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, உரிய அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு, படிப்புக் காலம், அதன் பிந்தைய ஓராண்டு இரண்டின் வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் அது 1,40,000 ரூபாய். இடையில் படிப்பைக் கைவிட்டால் சலுகை போய்விடும். இ-சேவை மையத்தில் வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழை வாங்கிக் காலத்தோடு வங்கியில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதாது, மானியத்துக்காகத் தன் பெயர் பதிவாகிவிட்டதா என்று கிளையில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவும் வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இன்னொரு வாசல். தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்கள் பிணையோ ஜாமீனோ இல்லாமல் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கேட்கலாம். வாய்வார்த்தையில் “கெடையாதுப்பா” என்று திருப்பி அனுப்புவதை எந்தக் கிளையிலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மறுத்தால் மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைத் தெரிவித்து மறுக்க வேண்டும் என்று மாதிரித் திட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்திருந்தால் மேலே முறையிட எளிது.

படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காவிட்டால், தவணை தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வேலையில்லாத, வருமானம் குறைந்த காலங்களில் தவணையைத் தள்ளிவைக்கத் திட்டத்திலேயே இடமிருக்கிறது. போகாமல் ஒளிந்துகொண்டு தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியலில் போய்விடும். இணைக் கடனாளி என்பதால் அப்பாவின் சிபிலிலும் அது ஏறும். அவர் அடுத்த பருவத்துக்கு விவசாயக் கடன் கேட்டுப் போகும்போது அங்கேயும் பேச்சு வரும்.

கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசித் தவணை போனதோடு விட்டுவிடாமல், நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சொத்துப் பத்திரம் பிணையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் முப்பது நாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் கல்விக்கடனுக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று இல்லாவிட்டால், நிலுவை இல்லை என்ற கடிதத்தை இணைத்து அந்த நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கோரலாம்.